பதினேழாம் நம்பர் டேப்லெட்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சார்ஜர் அக்கா என்று பெயர். கழுத்தில் நாலைந்து ஒயர் தொங்கும், இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும், கையில் ஒரு ஈரத்துணி இருக்கும். எந்நேரமும் ஏதாவது ஒரு திரையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்காவாகிவிட்டாள். நான் அங்கே வரலாறு நடத்துகிறவள். செத்துப்போன ராஜாக்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசிப் பிழைக்கிறேன். இவளைப் பற்றிச் சொல்ல வந்தால் மட்டும் வாய் கூசுகிறது, ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது. கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அக்கா எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போதும் ஓட்டுகிறான், ஆனால் வேறொரு வீட்டுக்குச் சோறு போட. ஒரே மகள். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். பதினாலு வருஷம் அடித்தாள். மழை பெய்தால் இடைவேளையை இரண்டு நிமிஷம் நீட்டி அடிப்பாள், யாராவது வாத்தியார் பிள்ளைகளைத் திட்டுகிற சத்தம் கேட்டால் இரண்டு நிமிஷம் முன்னாலேயே அடித்துவிடுவாள். கேட்டால், "கடிகாரம் கொஞ்சம் முன்னப் பின்ன ஓடுது டீச்சர்" என்பாள். ஓடியது கடிகாரம் இல்லை என்று எங்களுக்கும் தெரியும்.

பழைய மாணவர் ஒருவர் நல்ல மனசோடு ஒரு மின்சார மணி வாங்கிக் கொடுத்தார். அது தானாக அடிக்கத் தொடங்கியதும் அக்காவுக்கு இங்கே என்ன வேலை என்று கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் போன் கம்பெனி வந்தது.

ஊரில் பாதிப் பேர் காதுக்குச் சிக்னல் கொடுக்கிற கம்பெனி அது. பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகச் செய்கிறோம் என்றார்கள், செய்யவும் செய்தார்கள். நாற்பது டேப்லெட், சுவர் அளவுக்கு ஒரு திரை, எப்போதும் அறாத இன்டர்நெட், ஒவ்வொரு பாடத்துக்கும் வீடியோ. பழைய பொருட்கள் போட்டு வைத்திருந்த அறையைக் காலிசெய்து ஊதா பெயின்ட் அடித்து, சுவரில் சிரிக்கிற பிள்ளைகளின் படம் ஒட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் இல்லை. யாரோ பல் வரிசையான பிள்ளைகள். அறையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கேட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. அக்கா அறைக்குப் பொறுப்பாளி ஆனாள்.

நான் நன்றிகெட்டவள் இல்லை. அந்த அறை நல்லதும் செய்தது. மண்ணுக்குள் புதைந்த ஒரு நகரத்தை நான் பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். முதல் முறையாகச் சுவரில் அதன் தெருவும் சாக்கடையும் தெரிந்தபோது, வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண், "டீச்சர், அங்க இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே கம்பெனிக்கு நூறு கும்பிடு போடலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் கம்பெனியின் கணினியில் ஒரு புள்ளி. பிள்ளைகள் வாரம் இத்தனை மணி நேரம் பாடம் பார்த்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், மிகவும் குறைந்தால் சிவப்பு. இரண்டு மாதம் தொடர்ந்து சிவப்பாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றி, வரிசையில் காத்திருக்கிற அடுத்த பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதிலும் தப்புச் சொல்ல முடியாது. பூட்டி வைக்கவா கொடுக்கிறார்கள்? மாதம் ஒருமுறை வந்து புள்ளி நிலவரம் சொல்கிற இளைஞனுக்கு நாங்கள் புள்ளித் தம்பி என்று பெயர் வைத்தோம். நல்ல பையன். ஹெட்போன்கள் உடைந்தபோது கம்பெனிக்கு எழுதி அலுத்து, தானே பத்து வாங்கி வந்து கொடுத்தவன்.

இரண்டாம் வருஷம் புள்ளி சிவப்பானது. பத்தாம் வகுப்புக்குத்தான் அந்த டேப்லெட்டுகள், பத்தாம் வகுப்புக்கோ பரீட்சை. எந்த வாத்தியாரும் பீரியட் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோரிலும் பிடிவாதம் கணக்கு சாருக்கு.

கணக்கு சார் ஒல்லி. சட்டைப்பை எப்போதும் சாக்பீஸ் தூளில் வெளுத்திருக்கும். பேச்சு வெடுக்கென்று இருக்கும், ஆனால் நாலு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, கணக்கு வராத எட்டுப் பத்துப் பிள்ளைகளை மாடி வகுப்பில் உட்கார வைத்து ஐந்தரை வரைக்கும் சொல்லிக்கொடுப்பார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அக்காவின் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஒன்பதாவதில் பூஜ்யமும் ஐந்துமாக வாங்கிக்கொண்டிருந்தவள், அவர் கையில் வந்த பிறகு முப்பதைத் தொட்டிருந்தாள்.

"சார், வாரத்துக்கு ரெண்டே ரெண்டு பீரியட் அனுப்புங்க சார். புள்ளி செவப்பாயிடுச்சு" என்று அக்கா அவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

"கணக்கு கண்ணால வராதும்மா. கையால வரணும். புள்ளிக்காக எல்லாம் நான் பாடம் நடத்த முடியாது" என்றார்.

அறை போனால் அக்காவின் வேலை போகும். வேலை போனால் மகளின் படிப்பு போகும். இவ்வளவும் ஒரு புள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நாலரை மணிக்கு நான் அந்த அறைப் பக்கம் போனேன். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெஞ்சுகளில் ஒரு பிள்ளை இல்லை. பிள்ளைகள் உட்காருகிற இடத்தில் எல்லாம் டேப்லெட் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை அணைத்திருந்தாள். அத்தனை திரையிலும் கணக்கு வீடியோவில் வருகிற ஒரே வாத்தியார் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தத் திரை, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்கும். அதில் 'ஆம்' என்று தொட்டால்தான் மேலே ஓடும். அக்கா பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து ஆம், ஆம், ஆம் என்று தொட்டுக்கொண்டே போனாள்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். ஈரத்துணியைத் தூக்கிக் காட்டினாள்.

"சும்மா தூசி தட்டுறேன் டீச்சர்."

"தட்டுங்க, தட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்றால், வெளிநாட்டில் இருக்கிற என் மகளோடு முகம் பார்த்துப் பேச அந்த அறையின் இன்டர்நெட்டைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த அறை வேண்டியிருந்தது. இதற்கு மேல் நியாயம் ஒன்றும் கிடையாது.

அவள் அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது. புள்ளி பச்சையாகியிருக்கும், ஊர் உலகம் அதுபாட்டுக்கு ஓடியிருக்கும். ஆனால் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அந்த டேப்லெட் ஐந்து கேள்வி கேட்கும். நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். முதல் வாரம் அக்கா கைபோன போக்கில் தொட்டாள். திரையில் பிள்ளைகளின் பெயருக்கு நேராகச் சைபர், இருபது, சைபர் என்று விழுந்தது. அந்தப் பெயர்கள் அவளுக்கு வெறும் பெயர்கள் இல்லை. ஆறு வயதில் அழுதுகொண்டு வந்ததிலிருந்து ஒவ்வொன்றின் மூக்கையும் துடைத்துவிட்டவள்.

"பிள்ளைங்க ஒண்ணுமே செய்யல, அதுங்க பேருக்கு நேரா நான் சைபர் போட்டா பாவம் இல்லையா டீச்சர்?" என்று பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

தப்பான விடையைத் தொட்டால் சரியான விடை பச்சையில் காட்டும். அதை ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். பாடம் ஒன்று: மூணு, ஒண்ணு, ஒண்ணு, நாலு, ரெண்டு. பாடம் இரண்டு: ரெண்டு, ரெண்டு, நாலு, ஒண்ணு, மூணு. கேள்வி என்ன என்றே தெரியாமல் வருஷத்துப் பாடம் முழுவதற்கும் விடை அவளிடம் இருந்தது. வாரக் கடைசியில் டேப்லெட் காட்டுகிற சராசரி மார்க்கிலும் அவளுக்கென்று ஒரு தர்மம் இருந்தது. அப்பா இல்லாத பிள்ளைக்குத் தொண்ணூற்றெட்டு. தண்ணீர்க் குடத்தை ஒரு கை பிடித்துத் தூக்கிவிடுகிறவனுக்குத் தொண்ணூற்றாறு. குறும்பு பண்ணுகிற கடைசி பெஞ்சுக்காரனுக்கு, திருந்தட்டும் என்று, எண்பத்தெட்டு. பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொருவருக்கும் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

ஒரே ஒரு டேப்லெட்டை மட்டும் தொடவில்லை. பதினேழாம் நம்பர், அவள் மகளுடையது. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடுவது திருட்டு என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மற்ற முப்பத்தொன்பதும் திருட்டு என்று தோன்றவில்லை, இதுதான் அவள் மனசு. மகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறைக்கு வந்து, பதினேழைத் திறந்து, தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, நகம் கடித்துக்கொண்டு தானே விடை தொடுவாள். அவள் சராசரி முப்பது, இருபத்தெட்டு, முப்பத்தொன்று. மற்றவர்கள் வேறு நேரத்தில் வந்து பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தாள், மாலையில் அம்மா என்ன செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் அவள் மாடியில் கணக்கு சாரிடம் இருப்பாள்.

நாலாவது மாதம் புள்ளித் தம்பி ஸ்வீட் டப்பாவும் கேமராவும் கையுமாக வந்தான். வட்டாரத்திலேயே முதல் பள்ளி நாங்கள்தானாம். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் கணக்கில் எண்பத்தைந்துக்கு மேல். தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் எல்லோரையும் கூட்டினார். அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் டெஸ்ட்ல இதே பசங்க நாற்பதைத் தாண்ட மாட்டேங்கறாங்க. இந்த மார்க் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார் கணக்கு சார்.

"அப்போ நீங்க நடத்துறதுலதான் ஏதோ கோளாறுன்னு அர்த்தம் சார்" என்றார் தலைமையாசிரியை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். கணக்கு சார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஊற்றிய டீ தட்டில் வழிந்தது. அக்கா ஈரத்துணியால் துடைத்ததையும் அவர் கவனிக்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அடுத்த மாதம். கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இந்தப் பள்ளி வீடியோ வழியாகவே கணக்கில் இவ்வளவு முன்னேறியிருப்பதால், கணக்கு ஆசிரியரைத் தேவை அதிகமுள்ள வேறு பள்ளிக்கு மாற்றுகிறோம், மாதக் கடைசிக்குள் விடுவிக்கவும். அதன் பின்னாலேயே கணினி தானாகப் போட்டுக் கொடுத்த ஒரு பட்டியல். பின்தங்கிய மாணவர் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர். இந்த வருஷம் பரீட்சைக்கு அனுப்ப வேண்டாம், ஒரு வருஷம் பொறுத்து எழுதட்டும் என்று குறிப்பு.

தலைமையாசிரியை அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். அறிவிப்புகளை ஒட்டுவது அக்காவின் வேலை. தன் மகள் பெயரைத் தானே பசை தடவி ஒட்டினாள்.

அன்றிலிருந்து வகுப்பில் அந்தப் பெண்ணுக்குச் சிவப்புப் புள்ளி என்று பெயர். பத்தில் எட்டுக் கணக்குத் தப்பாகப் போடுகிற கடைசி பெஞ்சுக்காரன்தான் முதலில் கூப்பிட்டானாம். அவனுக்கு எண்பத்தெட்டு இருக்கிறதே, கூப்பிட மாட்டானா? அவனும் அந்த மார்க் தன்னுடையதுதான் என்று நம்பத் தொடங்கிவிட்டான். எல்லாப் பிள்ளைகளும் நம்பினார்கள். நல்ல மார்க் எங்கிருந்து வந்தது என்று எந்தப் பிள்ளை தேடிப் போகும்?

அக்கா நோட்டை மடியில் மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வகுப்பறை காலியாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். பாதி எனக்குத் தெரிந்தது, மீதி இடியாக இறங்கியது.

"இப்ப என்ன பண்றது டீச்சர்? நீங்க படிச்சவங்க. சொல்லுங்க."

நான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. "அக்கா, வாயைத் திறக்காதீங்க. முப்பத்தொன்பதோட நாற்பதா உங்க பொண்ணுக்கும் போட்டுடுங்க. இந்த வாரமே தொண்ணூறு வந்துட்டா பேரை எடுத்துடுவாங்க. பரீட்சை எழுதிடுவா."

"சாரு?"

"சாரு பெரிய மனுஷன். எங்க போனாலும் பொழச்சுப்பாரு."

"அவரு பொழச்சுப்பாரு டீச்சர். அவரு இல்லாம இவ பொழைப்பாளா? தொண்ணூறு நான் போட்டுடுவேன். பரீட்சை ஹால்ல யாரு போடுவா?"



வியாழக்கிழமை புள்ளித் தம்பி வந்திருந்தபோது தலைமையாசிரியையின் அறைக்குள் போனாள். "நீங்க ஒண்ணும் பேச வேணாம் டீச்சர், சும்மா கூட நின்னா போதும்" என்று என்னையும் கூட்டிப்போனாள். நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நோட்டை மேஜைமேல் வைத்தாள். "முப்பத்தொன்பது பேரு மார்க்கும் நான் போட்டது மேடம். ஒரு பிள்ளையும் போடல. பாக்கறதும் நான்தான், தொடறதும் நான்தான். என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க. சாரை மட்டும் விட்டுடுங்க."

தலைமையாசிரியை நோட்டைத் திறக்கவே இல்லை. புள்ளித் தம்பி திறந்தான். மூணு, ஒண்ணு, ஒண்ணு, நாலு, ரெண்டு. ஒவ்வொரு பக்கமாகக் கடைசி வரைக்கும் புரட்டினான்.

"அக்கா, என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றான். "இந்த நம்பர் மேல போயிடுச்சு. உங்க ஸ்கூலைக் காட்டித்தான் இன்னும் அறுபது ஸ்கூலுக்கு இந்த ரூம் குடுக்கறதா முடிவு பண்ணியிருக்காங்க. அங்க ஒரு கரும்பலகைகூட உருப்படியா இல்லாத ஸ்கூல்லாம் இருக்கு. இப்ப இது பொய்னு நான் போய்ச் சொன்னா அந்த அறுபதுக்கும் ஒண்ணும் கிடைக்காது."

அவன் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் கொடுமை.

தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்து போச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற மாதிரிதான், என்ன பண்றது, மறைச்சுதான் ஆகணும். உனக்கு உன் பொண்ணு கவலைதானே? தம்பி, அந்த ஒரு மார்க்கை மாத்த முடியுமா?"

"மாத்தலாம் மேடம். அது ஒண்ணுதானே. தப்பா பதிவாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கே மாத்திடலாம்."

முப்பத்தொன்பது பொய்யையும் அப்படியே விட்டுவிட்டு, இருந்த ஒரே நிஜத்தைத் திருத்தித் தருகிறோம் என்றார்கள். எங்கள் தொழிலில் இதற்குத்தான் வரலாறு எழுதுவது என்று பெயர்.

"வேணாம்" என்றாள் அக்கா.

"என்ன வேணாம்?"

"அதைத் தொடாதீங்க. அந்த ஒண்ணுதான் நெசம். அதையும் மாத்திட்டா நான் சொல்றதுக்குச் சாட்சியே இல்லாம போயிடும். நாற்பது பேரையும் இப்ப கூப்பிட்டு உக்கார வெச்சு, தாள்ல ஒரு டெஸ்ட் வைங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"நோட்டை எடுத்துக்கிட்டு வெளிய போ" என்றார் தலைமையாசிரியை. அவர் இத்தனை வருஷத்தில் அக்காவிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

வரலாற்று டீச்சர் புத்தி, பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் வைக்கவில்லை. கல்வி அலுவலகத்துக்கு அக்கா சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் எழுதினேன், சாட்சி என்று கையெழுத்தும் போட்டேன். பதில் வரவில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் ஒரு திரையையும் தொடவில்லை. இரண்டு மாதத்தில் புள்ளி சிவப்பாகி, ஒரு வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. ஊதாச் சுவரும் சிரிக்கிற பிள்ளைகளும் மட்டும் மிச்சம். அறுபது பள்ளிகளுக்கு அறை கிடைத்ததாகக் கேள்வி. அக்கா இப்போது ஒரு துணிக்கடையில் தரை துடைக்கிறாள். கணக்கு சார் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பரீட்சையில் எங்கள் பிள்ளைகள் கணக்கில் என்ன ஆனார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அக்காவின் மகள் எழுதவில்லை, எழுத விடவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தச் சனிக்கிழமைதான். கணக்கு சாரின் கடைசி நாள்.

மதியத்துக்கு மேல் நானும் அக்காவும் ஊதா அறையில் இருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். அதுவரை அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. அக்கா எழுந்து நின்று, அழாமல், எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"வாரத்துக்கு ரெண்டு பீரியட்தானே கேட்ட" என்றார். "அனுப்பியிருக்கலாம்."

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். மைதானத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் அப்போதுதான் உள்ளே வந்தாள். பலகையில் பெயர் ஏறிய நாளிலிருந்து அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாதவள். சார் போவதை வழியில் பார்த்திருக்க வேண்டும், பையிலிருந்த கணக்கு நோட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"எனக்குப் படிப்பு வேணாம். நாற்பது பேருல நான் ஒருத்திதான் மக்கு."

அக்கா கூடையிலிருந்து நோட்டை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நீ மக்கு இல்லடி. கேளு" என்று ஆரம்பித்துச் சொன்னாள். தூசி தட்டியது, ஆம் ஆம் என்று தொட்டது, சைபர் விழுந்தது, மனசு கேட்காதது, விடை எழுதி வைத்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் அசையாமல் கேட்டாள்.

"என் பக்கத்துல உக்கார்றாளே, அவளுக்கும் நீதான் போட்டியா?"

"ஆமாண்டி. தொண்ணூத்தி நாலு."

"கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்கு?"

"எண்பத்தெட்டு."

"அவன் என்னைச் செவப்புப் புள்ளின்னு கூப்பிட்டான்மா."

"தெரியும்டி."

"அப்ப நான்தான் நெசமாப் படிச்சு வாங்கினேனா? முப்பத்தொண்ணு?"

"நீ மட்டும்தான்."

அந்தப் பெண் முகத்தில் ஒரு நொடி ஏதோ தெளிந்தது. அப்பாடா என்று எனக்கும் இருந்தது. பரவாயில்லை, பிள்ளைக்கு உண்மை தெரிந்துவிட்டது, மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அக்கா அதை நம்பித்தான் ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்திருக்கிறாள்.

மகள் எழுந்து, அடுக்கிவைத்திருந்த டேப்லெட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். பதினேழில் நின்றாள்.

"எல்லாருக்கும் போட்டியே. மூக்கொழுகறவனுக்கும் போட்ட, என்னைக் கிண்டல் பண்ணவனுக்கும் போட்ட. எனக்கு மட்டும் ஏம்மா போடல?"

அக்கா கையிலிருந்த கணக்கு நோட்டைப் பெஞ்சில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், படித்தவளாயிற்றே, என்னிடம் விடை இருக்கும் என்று. நான் ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.